பழைய ஜெயில் ரோடு மாடிப் பூங்கா: குடும்பத்தோடு போகலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊஞ்சல், சறுக்குமரம், செல்ஃபி எடுக்க ஒரு அலங்கார வளைவு, வாசலில் பாப்கார்ன் வண்டி என்றெல்லாம் எதிர்பார்த்துப் பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், நேராகச் செம்மொழிப் பூங்காவுக்கே போய்விடுங்கள். இது அந்த மாதிரி இடம் இல்லை. 250 வருஷத்து ஊர்க் காவல் சுவர் ஒன்று, அதன் தலைமேல் ஒரு பூங்கா, அவ்வளவுதான். சுவரும் உதிர்கிறது, பூங்காவும் களைத்துப்போய்த்தான் இருக்கிறது. ஆனாலும் வடசென்னையில் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள். போனது நான், வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமனார். மாமா பிறந்து வளர்ந்ததெல்லாம் பழைய வண்ணாரப்பேட்டை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் குடிவந்தவர், அதனால் அவருக்கு இது ஊர் சுற்றல் இல்லை, ஊருக்குப் போவது. 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு எங்கள் ஏரியா ஆட்களுக்கு அந்தப் பக்கம் போவது ரொம்பச் சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் போகிற ஆசையே போய்விடும், இப்போது தேரடியில் ஏறினால் ஏசியில் உட்கார்ந்தபடி வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்தோம், மாமாவுக்கு முழங்கால் வலி. கால் நன்றாக இருப்பவர்கள் வழி கேட்டுக்கொண்டே நடந்துவிடலாம், மாடிப் பூங்கா என்றால் அங்கே எல்லாருக்கும் தெரிகிறது.

போனதும் படியைப் பார்த்தவுடன் ஏறிவிடாதீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், மேலே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று இறங்கிவிடுகிறார்கள். முதலில் கீழே ரோட்டில் நின்று சுவரைப் பாருங்கள். வண்டிகள் நிறுத்தியிருப்பார்கள், போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், அதையெல்லாம் தாண்டிக் கிட்டே போங்கள். மேல் பூச்சு போன இடத்தில் செங்கல் தெரிகிறது, இன்றைக்கு லாரியில் வந்து இறங்குகிற செங்கல்லைவிட மெல்லிசு. என் பையன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தான், கல்லைவிட நடுவில் இருக்கிற காரைதான் தடிமனோ என்று தோன்றும் அளவுக்கு இருந்தது. வீட்டுக்காரர் கட்டட வேலையில் இருப்பவர், அவர் ஒரு இடத்தில் குனிந்து, உதிர்ந்து கிடந்த காரையை விரலில் எடுத்து நசுக்கிக் காட்டினார். வெள்ளையாக, மாவு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் நடுவில் நகக்கண் அளவு ஒரு கிளிஞ்சல் துண்டு முழுசாக அப்படியே இருந்தது. அந்தக் காலத்தில் மெட்ராஸ் சுண்ணாம்பு கடல் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் எடுத்தார்கள், அந்த மினுமினுப்புக்கு வெளிநாடு வரை பேர் இருந்தது. சூளையில் வேகாமல் தப்பித்த ஒரு துண்டு இத்தனை வருஷம் சுவருக்குள் இருந்துவிட்டு இப்போது என் பெண்ணின் கையில். அவள் அதைப் பர்ஸில் போடப் பார்த்தாள், மாமா ஒரு அதட்டு அதட்டினார், திரும்ப அங்கேயே போட்டுவிட்டாள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற சுவர் இது, ஒரு சில்லைக் கூட எடுக்கக் கூடாது.

சுவர் எப்படி வந்தது என்பதற்கு மாமாவிடம் ஒரே வரிதான்: "ஹைதர் அலிக்குப் பயந்து வெள்ளைக்காரன் கட்டினான்." பெரும்பாலும் சரிதான், ஆனால் கதை அதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. இப்போது ஹைகோர்ட் நிற்கிற பக்கம்தான், செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டினாற்போல், பழைய கறுப்பர் நகரம், அதாவது நம் ஜனங்கள் குடியிருந்த ஊர், இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து அந்த ஊரில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-இல் கோட்டை திரும்பக் கைக்கு வந்ததும், இவ்வளவு கிட்டத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து நின்று சுடுவான் என்று மிச்சத்தை இங்கிலீஷ்காரர்களே காலி செய்து வெட்டவெளியாக்கினார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளி முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று குடியேறினார்கள். அப்புறம்தான் ஹைதர். 1767-இல் மைசூர்க் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து சூறையாடிவிட்டுப் போனது, 1769-இல் ஹைதரே சென்னையின் வாசலுக்கு வந்து, தனக்கு வேண்டியபடி உடன்படிக்கை போட்டுக்கொண்டு போனார். இனியும் சும்மா இருக்க முடியாது என்று புதுக் கறுப்பர் நகரத்தைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழுப்பினார்கள். கிழக்கே கடல், தெற்கே கோட்டை, அந்தப் பக்கம் சுவர் தேவைப்படவில்லை.

கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டே பெரும்புள்ளி ஆனவர், நவாபின் கடன் விவகாரத்தில் 1785-இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து பார்லிமெண்டில் இவரைக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறார். அவ்வளவு சம்பாதித்தும் 1810-இல் பாரிஸில் கையில் காசில்லாமல்தான் செத்தார். இதை நான் சொல்லச் சொல்ல வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் எப்படியோ, வேலையில கை வைக்கல" என்றார். கட்டட ஆட்களின் நியாயம் தனி.

சுவர் கட்டிய செலவை உள்ளே குடியிருக்கிறவர்களிடம் வரியாக வாங்குவதாகத்தான் திட்டம். கடைசி வரை வாங்கவில்லை. ஆனால் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது, சென்ட்ரலை ஒட்டிப் போகிற வால்டாக்ஸ் ரோடு அதுதான், வால் டாக்ஸ் என்றால் சுவர் வரி. வ.உ.சி. சாலை என்று பேர் மாற்றியும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவித்துவிட்டு வசூலிக்காமல் விட்ட வரி சென்னையில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஊர் பெருகப் பெருக 19-ஆம் நூற்றாண்டில் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துத் தள்ளினார்கள். வடக்குப் பக்கச் சுவரில் மிஞ்சின துண்டுதான் நீங்கள் பார்க்கிறது.

இப்போது மேலே போகலாம். படி கொஞ்சம் செங்குத்து, பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவது நல்லது. மாமா நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார், ஏறினதும் நேராக ஒரு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூட நாளில் பரீட்சைக்குப் படித்த இடமாம். அந்தக் காலத்தில் வீட்டில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், எங்கே உட்கார்ந்து படிப்பது, பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். நாங்கள் போனபோதும் இரண்டு மூன்று பையன்கள் குறிப்பேட்டோடு ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தரிடம் மாமா போய், "எந்த எக்ஸாம்பா?" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடவில்லை. அந்தப் பையன் நன்றாகப் படித்து வரட்டும், எங்கள் குடும்பத்தால் அன்றைக்குப் பாடம் கெட்டது.

மேலே காற்று நன்றாக இருக்கிறது, சுற்றிலும் மொட்டை மாடிகள், காயப்போட்ட துணி, தண்ணீர்த் தொட்டி, பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ரயில் சத்தம். உட்கார இடம் உண்டு. நிழல் அங்கங்கே. செடி கொடி என்று பார்த்தால் யாரோ நட்டு, யாரோ மறந்துபோன மாதிரி. குப்பை இருந்தது, பாட்டில் சில் ஒரு ஓரத்தில் கிடந்தது, பிள்ளைகளைச் செருப்பைக் கழற்ற விடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், கழிவறை விஷயத்தை வீட்டிலேயோ மெட்ரோ நிலையத்திலேயோ முடித்துக்கொண்டு போங்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். இவ்வளவு பெரிய கதை இருக்கிற இடத்தில் அதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதி வைத்த ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை, அதுதான் எனக்குப் பெரிய குறை. மார்க் போடச் சொன்னால் பூங்காவுக்கு 5-க்கு 2, சுவருக்கு நாலரை.

இரண்டையும் இப்படிப் பிரித்து மார்க் போட்டேனே தவிர, இரண்டும் ஒன்றை ஒன்று விட்டுப் பிழைக்காது. மேலே பூங்கா என்று ஒன்று வந்ததால்தான் இந்தத் துண்டு தப்பித்தது என்பது என் எண்ணம். இந்த ஏரியாவில் ஒரு சென்ட் நிலம் என்ன விலை போகிறது, சும்மா நிற்கிற சுவரை யார் விட்டு வைப்பார்கள்? ஆனால் தப்ப வைத்த பூங்காவேதான் சுவரைத் தின்றுகொண்டும் இருக்கிறது. மேலே மண் போட்டுச் செடி வைத்துத் தண்ணீர் ஊற்றினால் அந்த ஈரம் எங்கே போகும், கீழேதான் இறங்கும். சுண்ணாம்புக் காரை ஈரத்தைக் குடித்துவிட்டு வெயிலில் மெல்ல வெளியே விட்டுவிடும், அதுதான் அதன் குணம். ஆனால் இடையில் யாரோ ஓட்டை அடைக்கிறேன் என்று சிமெண்ட் பூசியிருந்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை, உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லின் முகமே பொருபொருவென்று பெயர்ந்து விழும். சிமெண்ட் பூச்சு அப்படியே நிற்கும், பக்கத்துக் கல் போய்விடும். அந்த மாதிரி பெயர்ந்த இடங்களைக் கீழே நின்று பார்த்தால் சாதாரணமாகவே தெரிகிறது. போதாததற்குக் காக்கை எச்சத்தில் முளைத்த அரசங்கன்றுகள். இடுக்கில் இரண்டு இலையோடு அழகாக ஆடிக்கொண்டிருக்கும், வேர் உள்ளே போனால் கல்லைப் பிளந்துவிடும். மேலே இலையை மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுத்து அந்த ஓட்டையைச் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஐப்பசி கார்த்திகை மழை ஒவ்வொன்றும் இந்தச் சுவருக்கு ஒரு பரீட்சைதான், மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒரு வேண்டுகோள், அடைமழை நாளிலும் மறுநாளும் சுவரை ஒட்டி நிற்காதீர்கள், மேலே கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளைச் சாயவோ ஏறவோ விடாதீர்கள். தண்ணீர் வெளியே போக ஒழுங்காக வழி செய்து, ஆழமாக வேர் விடாத செடிகளை மட்டும் தொட்டியில் வைத்தால் இரண்டும் பிழைக்கும். பெரிய செலவும் ஆகாது.

பிள்ளைகளுக்குப் பிடித்ததா என்றால், பையனுக்குப் பிடித்தது, பெண்ணுக்கு முதல் பத்து நிமிஷம் முகம் தொங்கிவிட்டது. அப்புறம் அவளே ஒரு கேள்வி கேட்டாள், "எதிரி எந்தப் பக்கத்துல இருந்து வருவான்?" மாமா கையை நீட்டி வடக்கே காட்டினார். அதாவது ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, எங்கள் திருவொற்றியூர். "அப்ப நாம வெளியில இருக்கிறவங்களா தாத்தா?" ஆமாம், சுவர் கட்டினவன் கணக்குப்படி நாமெல்லாம் வெளியில்தான். பட்டணம் இந்தச் சுவரோடு முடிந்தது. எதிர்ச்சாரியில் தெரிகிற ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கதையும் அதே கணக்கில்தான் வருகிறது. 1780-இல் ஹைதர் மறுபடி படையெடுத்து வந்தபோது சுற்றுப்பட்டுக் கிராமங்களெல்லாம் எரிந்து, பஞ்சம் வந்து, பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். 1782 வாக்கில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம்தான் நாளடைவில் ஆஸ்பத்திரியாகி, ஸ்டான்லியாக வளர்ந்தது. மாமா வயசுக்காரர்கள் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். மாமா பிறந்ததே அங்கேதான், அதை அவர் சொன்ன விதத்தில் ஏதோ சொந்த வீட்டைக் காட்டுகிற பெருமை. இந்த ரோட்டில் பாரதி மகளிர் கல்லூரி இருக்கிற இடம் முன்னே ஜெயில், ரோட்டுக்குப் பேர் அதனால்தான். பழைய ஜெயில் பெண்கள் கல்லூரியானது என் பெண்ணுக்குச் சுவரைவிடப் பிடித்துப்போனது, பிளஸ் டூ முடித்ததும் அங்கே சேருவேன் என்கிறாள், பார்க்கலாம்.

பூங்காவுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளம். மிச்ச நாளை அந்த ஏரியாவிலேயே ஓட்டலாம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பிரியாணிக் கடைக்குப் போனோம், பேர் வேண்டாம், அரிசி நன்றாக இருந்தது, கறி ரப்பர், தால்ச்சா கேட்டால் முறைக்கிறார்கள். வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் கடைக்கா பஞ்சம். சாப்பிட்டுவிட்டு ராபின்சன் பார்க், அதாவது இப்போதைய அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18-இல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த இடம். எந்தக் கட்சி ஆளாக இருந்தாலும் ஒரு முறை பார்த்து வைக்கலாம், அன்றைக்கு இங்கே கூடின கூட்டத்துக்குப் பிறகு 18 வருஷத்தில் ஆட்சியே மாறியது. இது வழக்கமான பூங்கா, தரைமட்டத்தில் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சௌகரியம், மாமா ஒரு குட்டித் தூக்கமே போட்டார்.

தெம்பு இருந்தால் ராயபுரம் ரயில் நிலையத்தையும் பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அந்தத் தூண்கள் இன்றும் கம்பீரமாகத்தான் நிற்கின்றன, கட்டடத்துக்குப் பராமரிப்பு என்றால் என்ன வித்தியாசம் வரும் என்று காலையில் சுவரைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு உடனே புரியும்.

எம்.சி. ரோட்டை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே துணிக்கடைக்குள் நுழைந்தால் சுவராவது பூங்காவாவது, என்னையே எடுத்துக்கொண்டால் நைட்டி, பாவாடை, பிள்ளைகளுக்கு உள்ளாடை என்று மொத்தமாக வாங்கிவிட்டு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படி ஏற என்னால் ஆகாது. தீபாவளி, ரம்ஜானுக்கு முந்தைய வாரங்களில் அந்த ரோட்டில் காலை வைக்கவே இடம் இருக்காது, அந்தச் சமயத்தில் இந்த ஏற்பாட்டையே தள்ளிப்போடுங்கள்.

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்தது, மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து ஒரு தட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப். காரம் குறைத்துப் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள், பிள்ளைகளுக்கு முட்டை மசாலா போதும். மாமா இரண்டாவது தட்டு கேட்டார், வயிறு என்னாகும் என்று நான் சொல்ல, "ஏம்மா, இது எங்க ஏரியாம்மா" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நிறுத்த இடமே கிடையாது, கிடைத்தாலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடைக்கும். வெயில் இறங்கின பிறகு, நாலு மணி வாக்கில் போவது உத்தமம். ஆனால் எங்களை மாதிரி முழு நாள் திட்டம் என்றால் காலை ஒன்பது மணிக்குள் சுவரை முடித்துவிடுங்கள், சித்திரை வைகாசியில் அதுவும் வேண்டாம்.